செவலைக்குப் பூசிய மருந்து

மருந்துக் கடைக்காரர் "இது கட்டாயம் கேட்கும்" என்று சொல்லி விற்கிறார். எங்கள் தொழிலில் "கேட்குமா கேட்காதா என்று எங்களுக்கே தெரியாது" என்று சொல்லித்தான் ஆள் சேர்க்க வேண்டும். காப்பி வருமா, நாய் வருமா என்று தெரியாமல் ஊரார் வாசலில் நின்று பிழைக்கிற இன்சூரன்ஸ்காரர்களே, கணக்கெடுக்க வருகிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். நான் கயத்தாறுக்காரி. ஒரு பல்கலைக்கழகத்தின் மருந்து ஆராய்ச்சியில் களப்பணி. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் மூட்டு வலிக்காரர்களைத் தேடிப் பிடித்து, புதிதாகக் கண்டுபிடித்த ஒரு களிம்பைப் பற்றி எடுத்துச் சொல்லி, சம்மதித்தால் சேர்த்துக்கொள்வது என் வேலை.

நல்ல வியாபாரம்

முதலில் போனது கோவில்பட்டியில் தீப்பெட்டி மொத்த வியாபாரம் செய்கிற ஓர் அண்ணாச்சியிடம். நாற்காலியில் உட்கார ஒரு "முருகா", எழுந்திருக்க ஒரு "முருகா" என்று முருகனைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார். நமக்கேற்ற ஆள்தான் என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். இந்தக் களிம்பு வலியைக் குறைக்கலாம், குறைக்காமலும் போகலாம். சிலருக்குத் தோல் அரிக்கலாம். இஷ்டமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டோம். எல்லாவற்றையும் ஒளிவு மறைவில்லாமல் சொல்வது எங்கள் சட்டம். மனுஷர் பொறுமையாகக் கேட்டார், மோர் வரவழைத்துக் கொடுத்தார், நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"ஏம்மா, நீ யாவாரம் பண்ணுத மாதிரி நான் பண்ணியிருந்தேன்னா, இந்தக் கடையில ஒரு தீப்பெட்டி வெளிய போயிருக்காது."

குலுக்கல்

புதூர்ப் பக்கம் ஒரு ஊரில் ரேஷன் கடை வாசலில் கூட்டம் போட்டேன். மண்ணெண்ணெய்க்கு வந்தவர்களும் மருந்துக்கு வந்தவர்களும் கலந்து நின்றார்கள். "இந்த மருந்தை முதல்ல மிருகங்களுக்குக் குடுத்துப் பாத்து, கெடுதல் இல்லேன்னு தெரிஞ்ச பிறகுதான் மனுஷருக்குக் கொண்டுவாரோம்" என்றேன். பிறகு பெரிய சங்கதிக்கு வந்தேன். பாதிப் பேருக்கு மருந்து உள்ள டியூப், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் களிம்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். "உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிஞ்சா மருந்து கிடைச்சவிய குறையாத வலியையும் குறைஞ்சுட்டும்பீங்க, கிடைக்காதவிய குறைஞ்சாலும் இல்லம்பீங்க." கூட்டத்தில் பாதி அங்கேயே கலைந்தது. ஆராய்ச்சி முடிவில் மருந்து நல்லது என்று தெரிந்தால் வெறும் களிம்புக்காரர்களுக்கும் அசல் மருந்து உண்டு என்று நான் கத்தியது மிச்சப் பாதியை நிறுத்தி வைத்தது.

அதில் ஒருத்தி வெள்ளத்தாய். நான் சித்தி என்று கூப்பிடுவேன். ஒண்டிக்கட்டை, வெள்ளாடு மேய்த்துச் சீவனம். மூட்டு வலி வந்த பிறகு கண்மாய்க் கரை ஏற முடியவில்லை; ஆடுகள் ஒரு திசை, அவள் ஒரு திசை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகன், தீபாவளிக்குள் ஆடுகளை விற்றுவிட்டு அங்கே வந்துவிடச் சொல்லி தினமும் போன் போடுகிறான். அந்தப் பத்துக்குப் பத்து அறையில் போய் என்னத்தைப் பார்க்க என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு டியூபைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள்.

"எனக்கு எது விழுந்தாலும் சரி தாயி, ஆடு மட்டும் என் கைய விட்டுப் போகாம இருக்க ஒரு வழி பண்ணு."

முதலில் யாருக்கு

அடுத்த முறை போனபோது டியூப் வழித்துத் துடைத்த மாதிரி காலி. மூட்டோ அப்படியே இருந்தது. ஒழுங்காகப் பூசினாயா என்றால் "பூசினேன்" என்கிறாள். எங்கே பூசினாய் என்றால் வாசலைக் காட்டுகிறாள். அங்கே செவலை என்கிற அவளுடைய ஆட்டுக் கிடா, எங்கள் ஜீப்பின் பானெட்டில் ஏறி நின்று வேப்பங்குழையைக் கடித்துக்கொண்டிருந்தது. அட கூறுகெட்ட சித்தி, பல்கலைக்கழக மருந்தை ஆட்டுக்கா பூசினாய் என்று கத்தியேவிட்டேன். அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

"மொதல்ல மிருகத்துக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் மனுசருக்குன்னு நீதான தாயி சொன்ன? செவலை முன்னங்கால நொண்டுச்சு, போட்டேன், நாலு நாள்ல துள்ளுது. இனி தைரியமா எனக்குப் போட்டுக்கிடுதேன்!"

டாக்டரம்மாவின் கேள்வி

நடந்ததை மறைக்க முடியாது. சொன்னால் அவளை நீக்கிவிடுவார்களோ, கடைசியில் கிடைக்க வேண்டிய அசல் மருந்தும் போய்விடுமோ என்று ஒரே பதற்றம். எங்கள் ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் விடாமல் இருமல். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. சேர்ந்தவர் சேர்ந்தவர்தான், நடந்ததை நடந்தபடி எழுது என்றார். வீட்டில் ஜனங்கள் மருந்தை எப்படி உபயோகிக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டியதுதானாம். வேறு டியூப் கொடுத்து, பூசும் முறையை மறுபடி ஒரு தடவை சொல்லிக் கொடுக்கச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

"அதெல்லாம் சரி, அந்தக் கிடாகிட்ட முறைப்படி சம்மதம் வாங்கினீங்களா?"

தானாக ஆறியது

புரட்டாசியில் முடிவு தெரிந்தது. மருந்துக்காரர்களில் நிறையப் பேருக்கு வலி குறைந்திருந்தது. வெறும் களிம்புக்காரர்களில் அந்த அளவுக்கு இல்லை. வெள்ளத்தாய்க்கு விழுந்திருந்தது வெறும் களிம்பு. அதைப் போய்ச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் அவளுடைய கவலை வேறு. அப்படியென்றால் செவலை எப்படி நடந்தது?

"அது சுளுக்கு சித்தி, சும்மா விட்டிருந்தாலும் ஆறியிருக்கும். மருந்தால ஆறுச்சா, தானா ஆறுச்சான்னு பிரிச்சுப் பாக்கத்தான ரெண்டு கூட்டம் வச்சோம்" என்றேன். அவள் செவலையை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். படித்த பாடமெல்லாம் எனக்கே அப்போதுதான் சரியாக விளங்கின மாதிரி இருந்தது. வாக்குக் கொடுத்தபடி அசல் மருந்து டியூபைக் கையில் வைத்தேன்.

"அப்ப நொண்டுத ஆடு ரெண்டு இருந்து, ஒன்னுக்குப் பூசாம விட்டிருந்தா அன்னைக்கே குட்டு வெளிப்பட்டிருக்குமே!"

தீபாவளிக்கு முன்னால்

மருந்து யாருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகிறதா என்று பார்க்க, தீபாவளிக்கு முந்தின வாரம் மறுபடி போனேன். வெள்ளத்தாய் வீடு பூட்டிக் கிடந்தது. ஆட்டுத் தொழுவம் காலி. எட்டயபுரம் ஆட்டு வியாபாரி ஒருவர் நேற்று வந்து போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். இத்தனை பாடும் வீணா என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் எல்லை தாண்டும்போது கண்மாய்க் கரை மேலே ஓர் உருவம். கையில் தொரட்டி, முன்னால் செவலை, பின்னால் மொத்தக் கூட்டமும். கீழே புதிதாக விதைத்த உளுந்தில் ஆடு இறங்கிவிடாமல் அதட்டிக்கொண்டு, மெள்ள மெள்ள என்றாலும் நடந்தேதான் போய்க்கொண்டிருந்தாள். ஈரக் கரிசல் செருப்போடு சேர்ந்து பெயர்ந்து வர, நான் தட்டுத்தடுமாறி ஏறினேன். வலி போய்விட்டதா என்றேன். முழுக்கப் போகவில்லையாம், ஆனால் கரை ஏற விடுகிறதாம். வந்த வியாபாரியை வெறுங்கையோடு அனுப்பிவிட்டாளாம். அப்புறம், மகனை எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டேன்.

"பாதி ஆட்டை வித்துப் பாப்போம், பாதி நிக்கட்டும், எது நல்லதுன்னு ஒரு வருசம் கழிச்சுப் பாக்கலாம்னேன். சரின்னான். எந்தப் பாதின்னு குலுக்கிப் போடணும்லே, அது உனக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது, யாவாரிக்கும் தெரியக் கூடாதுன்னேன். போனை வச்சுட்டான்!"

இத்தனை ஊர்களில் இத்தனை பேருக்கு விளக்கியதில் நான் சொன்னது முழுசாகப் புரிந்தது ஒரே ஒருத்திக்குத்தான், அதன் பக்கவிளைவை அனுபவிக்கிறவன் திருப்பூரில் இருக்கிறான்.