சுண்ணாம்பு பூசிய இலுப்பைகள்

உரிந்த இலுப்பைப் பட்டையின் பால் வாடையும் டீசல் புகையும் கலந்த நாற்றமாகத்தான், எழுபதுகளின் தொடக்கத்தில், பாகூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்கு முன்னேற்றம் வந்து சேர்ந்தது. ஏரிக்கரைத் தோப்பில் நின்ற நாற்பது இலுப்பைகளில், பட்டுப்போகத் தொடங்கிய பன்னிரண்டை மட்டும் வெட்ட ஏலம் விட்டார்கள். மீதி இருபத்தெட்டின் கொட்டைகளைப் பொறுக்கி, எண்ணெய் ஆட்டி விற்றுத்தான் என் அம்மா எங்களை வளர்த்தாள் என்பது எந்தக் கோப்பிலும் ஏறாத சங்கதி.

அதுவரை, வெட்டிய மரத்தைத் துண்டு போட்டு, தரை காய்ந்த பிறகு மாட்டுவண்டியில் ஏற்றுவதே வழக்கம். ஏலம் எடுத்தவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அடைமழை விட்ட மூன்றாம் நாளே டிராக்டரை இறக்கி, முழு மரங்களைச் சங்கிலியில் கட்டி இழுக்கச் செய்தார். ஒரு தடம் சேறானதும் பக்கத்தில் இன்னொரு தடம் என்று தோப்பு முழுவதும் மிதிபட்டது. திரும்பிய இடமெல்லாம், இழுபட்ட மரம், நின்ற மரங்களின் அடிப்பட்டையை உரித்துக்கொண்டு போனது.

"வேரு மேல ஏத்தாதப்பா!" என்று அம்மா கத்தினாள்.

"மரந்தான் நிக்குதே ஆயா, ஓடியா பூடுச்சி?" என்றான் டிராக்டர்காரன். அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

விட்டுவைத்த மரங்களில் அடையாளத்துக்கு ஒரு "வெள்ளை வளையம்" இருக்க வேண்டும் என்பது விதி. ஏலக்காரர் தாராளமாக இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயங்களை மூடினார். பார்வையிட வந்த வனத்துறை அதிகாரி அந்தச் சுத்தத்தில் சொக்கி, இருபத்தெட்டு என்று எண்ணி முடித்தார். அம்மா அரிவாள் முனையால் ஒரு மரத்தைச் சுரண்டிக் காட்டினாள்.

"இன்னா சார், சட்ட மாட்டி உட்டா ரணம் ஆறிடுமா?"

"கவர்மெண்டு மரத்தச் சொரண்டாதம்மா, கேஸ் ஆயிடும்" என்றார், சட்டம் தெரிந்தவர்.

அடுத்த மழையில் தோப்புக்குள் தண்ணீர் இறங்காமல் தேங்கியது. கோடையில் மண் சுட்ட செங்கல்லாக இறுகியது. மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து வந்தன. மூன்றாம் வருடம் கொட்டை இல்லை. அம்மா கரும்புக்குக் களை வெட்டப் போனாள். பிறகு இருபத்தெட்டும் "பட்ட மரம்" என்று, முறைப்படி, தனி ஏலத்தில் போயின.

அதே துறையில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த முதல் ஏலத்தின் கோப்பைத் தேடி எடுத்தேன். "நிற்கும் மரங்கள் இருபத்தெட்டு. சேதம் இல்லை." ஓர் எழுத்துக்கூடக் குறை சொல்ல முடியாத கோப்பு. இன்று அந்த இடத்தில் ஓர் இலுப்பையும் இல்லை. மழை பெய்தால் டிராக்டர் தடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. முப்பது ஆண்டுப் பணியில் நானும் எத்தனையோ தோப்புகளில் வெள்ளை வளையங்களை எண்ணிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றையும் சுரண்டிப் பார்த்ததில்லை.