கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறவர்

அடிபடுவது எனக்கு, தண்ணீர் தெளிப்பது அவர் முகத்தில். எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இந்தக் கூத்துதான் நடந்தது. நான் மண்ணூர் பக்கத்தில் ஒரு ஷெட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். தகட்டை உள்ளே வைத்துப் பட்டனை அமுக்கினால் மெஷின் இறங்கி ஒரே அடியில் அதை வளைத்துக் கொடுத்துவிடும். கார் சீட்டுக்கு அடியில் போகிற சின்ன கிளாம்ப் அது. தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். கிளவுஸ் போட்டாலும் கிழித்துக்கொண்டு போகும். கையில் ஒரு கீறலாவது விழாத வாரம் கிடையாது.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் லாரிக்காரனிடமே வழி விடாமல் மல்லுக்கட்டுகிற ஆள். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தால் போதும், அப்படியே சாய்ந்துவிடுவார். மகளுக்குக் காது குத்தியபோது குழந்தை அழுது முடித்து மிட்டாய் தின்ன ஆரம்பித்துவிட்டது, அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. வீடியோக்காரன் அதையும் விடாமல் எடுத்துத் தொலைத்தான். ரெண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போகிற அந்த இடத்தை எங்கள் சொந்தக்காரர்கள் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் போட்டுப் பார்ப்பார்கள். ஆயுத பூஜைக்கு எங்கள் ஷெட் வாசலில் குங்குமம் கொட்டிப் பூசணிக்காய் உடைத்தால், அந்தச் சிவப்பைப் பார்த்தே பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஊர் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் எரிச்சல் மண்டைக்கு ஏறும். ஒருமுறை உள்ளங்கை கிழிந்து ஐந்து தையல் போட்டுக்கொண்டு வந்தேன். கையில் சுற்றிய கட்டில் லேசாகச் சிவப்பு ஊறியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மனுஷன் சமையலறை வாசலிலேயே சரிந்தார். தையல் போட்ட கையோடு நான் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். கண் விழித்ததும், "வலிக்குதா மே?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சொம்பாலேயே போட்டிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ரத்தம் வருகிற நேரத்தில் ஒரே ஒரு தடவை இந்த ஆள் என் பக்கத்தில் நின்று, கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். பெரிய ஆசையா அது?

நடக்காது என்று தெரிந்ததும் மறைக்கப் பழகினேன். வெட்டுப்பட்டால் ஷெட் குழாயில் பச்சைத் தண்ணீரிலேயே கழுவிவிடுவேன். துணியில் பட்ட ரத்தம் வெந்நீர் பட்டால் கறையாகப் பிடித்துக்கொள்ளும். சுற்றிக்கொள்வதற்கு என்றே ஒரு மெரூன் துண்டு வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அதில் எது பட்டாலும் தெரியாது. என் புடவைகளும் நைட்டிகளும் ஒவ்வொன்றாக அந்த நிறத்துக்கே மாறின. அவர் எனக்கு அந்தக் கலர் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு தீபாவளிக்கும் அதே கலரில் எடுத்து வந்தார்.

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒருநாள் அவர் பஸ்ஸில் ஏறிய ஒரு ஆள், கம்பியைப் பிடித்த கையில் மூன்று விரலோடு நின்றிருக்கிறான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்னை எதிரில் உட்காரச் சொன்னார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் ரெண்டு கையையும் வாங்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தடவி எண்ணினார். "பத்து" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். அதிலிருந்து தினமும் இந்த எண்ணிக்கை உண்டு. ஏதாவது விரலில் பிளாஸ்டர் தட்டுப்பட்டால் அவசரமாக அடுத்த விரலுக்குத் தாவிவிடுவார். எண்ணி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார். "ரெண்டு பட்டனும் அமுக்கனியா?"

"ஆமாயா," என்பேன்.

அது பொய். எங்கள் மெஷினில் ரெண்டு பட்டன், ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி இருக்கும். ரெண்டையும் ரெண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். அப்போது ரெண்டு கையும் வெளியே இருக்குமல்லவா, அதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் வர ரெண்டு நிமிஷம் லேட்டானால் நடக்க ஆரம்பிக்கிற ஆள் நான். ஒவ்வொரு துண்டுக்கும் குறடை எடு, தகட்டை வை, குறடைக் கீழே போடு, ரெண்டு கையால் அமுக்கு என்றால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு பட்டை வெட்டி, ஒரு பட்டன் அமுங்கினபடியே இருக்கிற மாதிரி இழுத்துக் கட்டிவிட்டேன். அப்புறம் வலது கை அமுக்கும், இடது கை சும்மா உள்ளே போய்த் தகட்டை வைக்கும், எடுக்கும். யார் எத்தனை துண்டு அடித்தார்கள் என்று எழுதுகிற போர்டில் தினமும் என் பெயர்தான் முதலில் இருக்கும். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். லைனில் முக்கால்வாசிப் பேர் என்னைப் பார்த்துத்தான் ட்யூப் கட்டினார்கள். சூப்பர்வைசர் கண்டும் காணாமல் போவார். செக்கிங் வருகிற அன்றைக்கு மட்டும் எல்லா ட்யூபும் டிபன் பைக்குள் போய்விடும்.

போன ஆடி மாசம், மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஒரு தகடு உள்ளே கோணலாக மாட்டிக்கொண்டது. இடது கையை விட்டு நெட்டினேன். வலது கை பழக்க தோஷத்தில் அமுக்கிவிட்டது. வலி உடனே வரவில்லை. கிளவுஸில் மோதிர விரலின் நுனி மட்டும் கிழிந்து, தட்டையாக, காலியாகத் தெரிந்தது. "அய்யோ, போச்சே" என்று யாரோ சொல்வது கேட்டது. அப்புறம்தான் அது என் குரல் என்று தெரிந்தது.

பக்கத்து மெஷினில் தென்காசிப் பக்கத்து அக்கா ஒருத்தி வேலை செய்கிறாள். அவள்தான் ஓடிவந்து, "ஏட்டி, கைய மேல தூக்கு, கீழ பாக்காத" என்று மெரூன் துண்டைச் சுற்றி இறுக்கினாள். மெஷினுக்குள் கிடந்த விரல் நுனியை எடுத்து, சுத்தமான கவரில் போட்டு முடிந்தாள். கேட்டுக்கு எதிரில் இருக்கிற கரும்பு ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, என் டிபன் பாக்ஸில் கொட்டி, அதற்குள் கவரை வைத்து மூடினாள். மதியம் நான் தின்ற புளிசாதத்தின் வாசனை அதில் இன்னும் இருந்தது. ஓனர் காரை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். சூப்பர்வைசர் போனை எடுத்து, என் வீட்டுக்காரர் பஸ் ரெண்டு கேட் தள்ளி ஷிப்ட் விடுவதற்காகக் காலியாக நிற்கிறது என்றார். அவருக்கு மட்டும் சொல்லாதீர்கள் என்று கத்தினேன். விரல் போனதுகூட அந்த நேரத்தில் ரெண்டாம் பட்சம்தான். அவர் வந்து இந்தக் கையைப் பார்த்து ஷெட்டிலேயே விழுந்தால் என்னை யார் கொண்டுபோவது?

பஸ் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்தபடியே ஏறச் சொன்னார். நானும் அக்காவும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் நான் தெரிந்திருப்பேன் போலிருக்கிறது, கையை நீட்டி அதைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.

"பேசிக்கினே வாமே," என்றார். "நீ பேச்ச நிறுத்தினன்னா நான் சாஞ்சிடுவேன்."

பேசினேன். காஸ் தீரப் போகிறது என்றேன். மகள் காலேஜிலிருந்து வந்தால் சாப்பிட ஒன்றும் இல்லை, தோசை மாவு மட்டும் இருக்கிறது என்றேன். மோட்டார் ரிப்பேர், மாடியில் காயப்போட்ட துணி என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கை முழங்கை வரைக்கும் குத்த ஆரம்பித்துவிட்டது. ஹைவேஸில் ரெண்டு பக்கமும் லாரி. அவர் கழுத்தில் வேர்வை வழிந்து காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கில் தலை சாய்கிறதா, சாய்கிறதா என்று அவர் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு போனேன். எனக்குப் பேச விஷயம் தீர்ந்துபோன நேரத்தில் அவர் கேட்டார்.

"ரெண்டு பட்டனும் அமுக்கித்தான இருந்த? அப்புறம் மெஷின் எப்படி கைய புடிச்சிது?"

டிபன் பாக்ஸ் என் மடியில் ஜில்லென்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஒரு பட்டனில் ட்யூப் கட்டியிருந்ததைச் சொன்னேன். எத்தனை நாளாக என்றார். ரெண்டு வருஷமாக என்றேன். தினமும் கேட்டேனே என்று அவர் சொல்வார், திட்டுவார், பஸ்ஸை ஓரம் கட்டுவார் என்று பயந்தேன். அவர் கியரை மாற்றிக்கொண்டு ஓட்டினார். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பஸ்ஸில் பேச்சே இல்லை. அவர் சாயவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்தார்கள். சின்ன வயசு டாக்டர் அம்மா பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, நுனி நசுங்கிவிட்டது, ஒட்ட முடியாது, இருக்கிற விரலை மூடித் தைத்துவிடலாம் என்றார். சொந்தக்காரர் யாராவது அந்த விரல் நுனியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நானே பார்க்கிறேன், வலது கை நன்றாகத்தானே இருக்கிறது, நானே போடுகிறேன் என்றேன். வீட்டு ஆளும் வேண்டுமாம். அக்கா முன்னால் வந்தாள். நீங்கள் என்ன உறவு என்று கேட்டு அவளை நிறுத்திவிட்டார்கள்.

அவர் கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டதும் வந்தார். டாக்டர் பாக்ஸை நீட்டினார். பாதி ஐஸ் கரைந்திருந்தது. அந்தத் தண்ணீரின் நிறத்தை நான் படுத்த இடத்திலிருந்தே பார்த்தேன். எத்தனை வருஷமாகக் கேட்டது, இதோ கிடைக்கப் போகிறது.

"வேணாம்யா," என்றேன். "கண்ண மூடிக்கோ."

அவர் மூடவில்லை. குனிந்து பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, மெரூன் துண்டை அவிழ்த்து வைத்திருந்த கையையும் பார்த்தார். உதடு வெளுத்துப் போயிருந்தது. "அவ விரல்தாங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி, முழங்காலுக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு மாசம் வீட்டில் கிடந்தேன். அந்த ஒரு மாசமும் எனக்கு நரகம். ஒரு இடத்தில் உட்கார முடியாது, படுக்க முடியாது, வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அவரே சமைத்தார். கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் உள்ளே வந்து பக்கத்தில் நின்று, தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் வந்து, பயம் போய்விட்டதே, பெண்டாட்டிக்காகப் பயமே போய்விட்டதே என்று மெச்சினார்கள். யாரும் வீடியோவைப் போடச் சொல்லவில்லை. என்னால் அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ட்யூப் விஷயம் ஷெட்டுக்கு வெளியே எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும். அவர் ஒருநாள்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சண்டையாவது போடட்டும் என்று சாம்பாரில் உப்பில்லை என்றேன், பாத்திரம் ஒழுங்காகக் கழுவவில்லை என்றேன். உப்பு டப்பாவை எடுத்து எதிரில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திரும்ப வேலைக்குப் போன அன்றைக்கு முதல் காரியமாக என் மெஷினிலிருந்த ட்யூபை அறுத்துப் போட்டேன். பக்கத்து மெஷின்களில் இருந்ததையும் அறுத்தேன். லைனே என்னைத் திட்டியது, திட்டட்டும். இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் குறடு, அப்புறம் ரெண்டு கை, ரெண்டு பட்டன். உடம்பு அரிக்கத்தான் செய்கிறது. போர்டில் என் பெயர் எங்கேயோ கீழே கிடக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல எதிரில் உட்கார்ந்து கையை நீட்டச் சொன்னார். கொடுத்தேன். கண்ணை மூடுவார் என்று நினைத்தேன். மூடவில்லை. ஒவ்வொரு விரலாகப் புரட்டி, மடக்கி, நகத்தடி வரைக்கும் பார்த்தார். குட்டையாகிப் போன விரலில் புதுத்தோல் இன்னும் சிவப்பாக இருந்தது. அதையும் பார்த்தார். பத்து என்று சொல்லவில்லை. கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"ரெண்டு பட்டனும் அமுக்கினேன்யா," என்று நானே சொன்னேன்.

"ம்" என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

இப்போது தினமும் அவர் கேட்காமலே நான் சொல்கிறேன். தினமும் அது நிஜம். கண்ணை மூடிக்கொண்டு எண்ணின காலத்தில் நான் சொன்ன பொய்யை நம்பினவர், இப்போது நான் சொல்லி முடித்த பிறகும் விளக்குக்குக் கீழே என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.