தண்ணீர் சேமிக்கும் கழிப்பறையில் எதற்கு வாளி?

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில், தண்ணீர் குறைவாகச் செலவாகும் புதுக் கழிப்பறை தயாராகிறது. இன்று எட்டிப் பார்த்தேன். கழிவு போக ஆறு அங்குலக் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கொஞ்சத் தண்ணிக்கு நாலு இன்ச் போதாதாங்க?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"பெருசா இருந்தா அடைக்காது சார்."

நான் கடைமடை விவசாயி. அகல வாய்க்காலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? பரவிப் படுத்துவிடும். ஒரு சருகைக்கூடத் தள்ளாது. அதைச் சொன்னேன்.

"எல்லாம் இன்ஜினியர் பார்த்துட்டாருங்க."

நம்பிக்கை வரவில்லை. உள்ளே போனேன்; மேஸ்திரியும் கூடவே வந்தார். இன்னும் திறக்கவேயில்லை, அதற்குள் அறைக்கு ஒரு இருபது லிட்டர் வாளி!

"இது எதுக்குங்க?"

"போயிட்டு ஒரு வாளி ஊத்திட்டா சுத்தமா தள்ளிடும் சார்."

வாசலில் 'தண்ணீரைச் சேமிப்போம்' பலகை மாட்டியாகிவிட்டது.

உங்கள் ஊரில் எத்தனை லிட்டர் வாளி?