மரத்துப்போகாத கால்

வலி முதலில் முட்டியில்தான் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. வத்தலக்குண்டில் ஒரு கல்யாணக் கச்சேரியை முடித்துவிட்டுத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினேன். படியில் வைத்த வலது காலில், முட்டிக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. தோளில் வயலின் பெட்டி. பின்னால் நின்றவர், “ஏறும்மா, இல்லாட்டி வழிய விடு” என்றார். ஏறிவிட்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

நான் பக்கவாத்தியக்காரி. பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கர்நாடக வயலின் வாசிப்பது என் தொழில். அப்பா திண்டுக்கல்லுக்கு வெளியே மல்லிகையும் கனகாம்பரமும் போட்டவர். பூ கோயிலுக்குப் போகும், நாங்கள் சர்ச்சுக்குப் போவோம். திருவிழா நோட்டீசில் ‘வயலின்: செல்வமேரி’ என்று பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறவர்கள் முதல் பாட்டு முடிவதற்குள் இறக்கிவிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எங்கள் தொழிலில் கால்வலி ஒரு வியாதியே இல்லை. மேடையில் சம்மணம் போட்டு, வலது பாதத்தைச் சற்று முன்னால் தள்ளி, வயலினின் சுருண்ட தலையைக் கணுக்காலின் மேல் வைத்துக்கொள்கிறோம். மறுமுனை நெஞ்சில். இப்படி இரண்டு பக்கமும் பிடிப்பு இருந்தால்தான் இடதுகை கம்பியின் மேல் தாராளமாக வழுக்கி ஓடும். ஆகவே வயலினைப் பிடிப்பது கையல்ல, கால். சிறு வயதிலிருந்து அப்படி வைத்து வைத்து என் கணுக்காலில் புளியங்கொட்டை அளவு காய்ப்பு ஏறியிருந்தது. கம்பியின் அதிர்வு அதன் வழியாக எலும்புக்குள் இறங்கும். சுருதி விலகினால் காதுக்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நான் மேடையில் கடிகாரம் பார்த்ததே இல்லை. மடக்கிய கால் கூசத் தொடங்கினால் பெரிய ராகம் நெருங்குகிறது. சுத்தமாக மரத்துப்போனால் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் நேரம் வந்துவிட்டது. உயிர் திரும்பி ஊசி குத்தினால் மங்களம். வலிதான் எங்களுக்கு மணி அடித்தது.

அதனால் முட்டி வலிக்கிறது என்று சொன்னபோது யாரும் பதறவில்லை. எங்கள் குழுவில் மிருதங்கம் வாசித்தவர் நத்தத்து ராமையா அண்ணன். “கச்சேரிக்காரவுகளுக்குக் கால் வலிக்காம காதா வலிக்கும்? எண்ணெயத் தேச்சு விடு தாயி” என்றார். தேய்த்தேன். முட்டியைப் படம் எடுத்தார்கள். முட்டி நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்த முட்டிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் கால் மடக்கி உட்கார்ந்து பிழைக்கிறவர்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். முட்டியில் வலித்தால் இடுப்பையும் காட்டுங்கள். இடுப்பு மூட்டின் வலி நரம்பு வழியே இறங்கி முட்டியில் வந்து பேசும். திருடன் ஒரு வீட்டில், கூச்சல் இன்னொரு வீட்டில். எனக்கு அது தெரியாது.

தெரிந்தது ஒரு முருகன் கோயில் திருவிழாவில். ஒட்டன்சத்திரத்துக் காந்திமதி அம்மா பாடினார். நான் அதிகம் வாசித்தது அவருக்குத்தான். அன்றைக்கு அவர் மங்களம் பாடி முடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். என்னால் முடியவில்லை. வலது கால் மடங்கினபடியே பூட்டிக்கொண்டது. திருவிழா மேடைக்குத் திரை ஏது? ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ராமையா அண்ணன் ஒரு பக்கமும் காந்திமதி அம்மா ஒரு பக்கமுமாக என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். யாரோ ஒருவர் நான் சாமி வந்து நிற்பதாக நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வலியோடு வலியாகச் சிரிப்பும் வந்தது. வேனில் ஏறிய பிறகுதான் அழுதேன்.

மதுரையில் எலும்பு மருத்துவர் என்னைப் படுக்கவைத்து, காலை உள்பக்கமாகத் திருப்பினார். கத்திவிட்டேன். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்பின் உள்ளே எடுக்கும் படம்) எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு ‘அவாஸ்குலர் நெக்ரோசிஸ்’ (இரத்த ஓட்டம் நின்று எலும்பு உள்ளேயே செத்துப்போவது) என்றார். தொடை எலும்பின் பந்துபோன்ற முனை நொறுங்கியிருந்தது.

“ஸ்டீராய்டு மாத்திரை நிறைய சாப்பிட்டிருக்கீங்களா?”

“இல்ல டாக்டர்.”

“குடிப்பழக்கம்?”

என் கணவர் சவரிமுத்து நூற்பாலையில் ஃபிட்டர். எந்த நேரத்திலும் வாயை அடக்கத் தெரியாதவர். “காப்பி குடிப்பா சார். அது கொஞ்சம் ஓவராத்தான் போகுது” என்றார்.

டாக்டரும் சிரித்தார். சிலருக்குக் காரணமே தெரியாமல் வரும் என்றார். செத்த முனையை வெட்டி எடுத்துவிட்டு, உலோகத்தில் புது மூட்டு வைக்க வேண்டும். நடக்கலாம், படி ஏறலாம், வலி இருக்காது. “ஆனா வாழ்க்கைக்கும் சம்மணம் போடக் கூடாதும்மா. தரையில உக்காரவே வேண்டாம். மூட்டு கழண்டுக்கும்.”

“அப்ப வயலின்?”

“நாற்காலியில உக்காந்து வாசிங்க. வெளிநாட்டுல தாடையில வச்சு நின்னுக்கிட்டே வாசிக்கிறாங்களே.”

நல்ல மனுஷர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அவர் மேஜையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது. நீந்தாமல் குளத்தைக் கடக்கச் சொன்னால் மீன் என்ன செய்யும்? அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

வலியோடாவது உட்காரலாம் என்பது என் கணக்கு. உடம்பு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. சில மாதங்களில் கால் மடங்கவே மறுத்தது. வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, உட்கார முயன்று, பக்கவாட்டில் சரிந்தேன். வயலினை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். சவரிமுத்து ஓடி வந்தார்.

“போதும் மேரி. நடக்கிற காலாவது மிஞ்சட்டும். வயலினப் பிறகு பாப்போம்.”

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மறுநாளே மதுரைக்குப் போன் செய்யச் சொன்னேன்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி எழுத அதிகமில்லை. இடுப்புக்குக் கீழே மரக்க ஊசி போட்டார்கள். எலும்பை வெட்டும் சத்தம் காதில் விழுந்தது. அது என்ன சுருதி என்று மனம் தேடியதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. பிறகு கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுக்கை, வாக்கர் (பிடித்து நடக்கும் சட்டம்), உயரமாக்கிய கட்டில். குனியக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது. கொலுசு மாட்டிவிடக்கூட ஆள் வேண்டும். சவரிமுத்துதான் மாட்டிவிட்டார், திருகாணியைத் திருகத் தெரியாமல் அரை மணி நேரம்.

வலி போனது உண்மை. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல விடிந்ததும் வலியைத் தேடுவேன். இருக்காது.

ஒரு நாள் காந்திமதி அம்மா பார்க்க வந்தார். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து ஒரு பை நிறைய முருங்கைக்காய். நான் நாற்காலியில் இருந்தேன். அவர் வழக்கம்போல் தரையில் உட்காரப் போனவர், தயங்கி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நாற்காலியில வாசிச்சா என்னங்கம்மா?” என்று கேட்டேன்.

முருங்கைக்காய்ப் பையை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். “பொய் சொல்ல மாட்டேனுங்க மேரி. நீங்க மேல, நான் கீழங்கறப்ப, உங்க காலடியில உக்காந்து பாடறாப்புல இருக்குமுங்க. சபையில நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. என்ர மனசு ஒப்பலீங்க.”

மேடையில் பாடுகிறவரைவிடப் பக்கவாத்தியம் உயரத்தில் உட்காரும் வழக்கம் கிடையாது. எனக்கும் தெரியும். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனாலும் அவர் போன பிறகு முருங்கைக்காயைத் தொடப் பிடிக்கவில்லை. அந்த சீசனுக்கு மதுரையிலிருந்து வேறொரு பெண் அவருக்கு வாசித்தாள். நன்றாக வாசித்தாள் என்று ராமையா அண்ணன் வந்து சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சவரிமுத்து மில் பட்டறையில் ஓர் இரும்புத் தாங்கி செய்துகொண்டு வந்தார். கீழே தட்டையான தகடு, மேலே வயலினின் தலை உட்கார ஒரு கிண்ணம், அதற்குள் துணி. நாற்காலியில் அமர்ந்து, காலுக்குப் பதில் அதில் வைத்து வாசித்தேன். வயலின் நின்றது. ஆனால் நான் செவிடாகிவிட்டேன். காது கேட்டது, கால் கேட்கவில்லை. விரல்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தடுமாறின. போதாக்குறைக்கு, மேல் கம்பியில் வேகமாக வாசித்தால் தகடு சிமெண்ட் தரையில் கிடந்து கடகடவென்று ஆடியது.

“தாளமும் சேர்த்துச் செஞ்சு குடுத்திருக்கேன்ல” என்றார் சவரிமுத்து.

“மில்லுல இதத்தான் செய்றீகளா? நூலு அந்து போகாம என்ன செய்யும்?” என்று எரிந்து விழுந்தேன்.

எரிச்சலோடுதான், ஆட்டத்தை நிறுத்த அந்தத் தகட்டின் மேல் வலது பாதத்தை வைத்து அழுத்தினேன். வில்லை இழுத்தேன். உள்ளங்காலில் சட்ஜ சுரம் ஏறியது.

கையை நிறுத்திவிட்டேன். மறுபடி இழுத்தேன். கணுக்காலில் கேட்டதல்ல இது. அதைவிடத் தடித்தது, கொஞ்சம் தாமதமானது, குளிர்ந்த இரும்பின் வழியாக வருவது. ஆனால் அதே சுருதி. அன்று அழுதேன், வெட்கப்படாமல், சவரிமுத்துவின் முன்னாலேயே. அவர் தாங்கி உடைந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு தினமும் வாசித்தேன். பழைய இடத்துக்கு வர ஒரு வருஷம் பிடித்தது. சர்ச்சில் வாசித்தேன். அங்கே நாற்காலியைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கச்சேரி மேடைக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. புது மூட்டும் ஒரு நாள் தேயும், திரும்ப மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது தேய்வதற்குள் ஒரு முறையாவது மேடை ஏறிவிட மாட்டேனா என்றிருந்தது.

காந்திமதி அம்மாவே போன் செய்தார்.

“ஏனுங்க மேரி, தைப்பூசத்துக்கு வாசிக்க வாரீங்களா?”

“நாற்காலியிலதான் முடியும்மா.”

“தெரியுமுங்க. ரெண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்.”

“எதுக்கு ரெண்டு?”

“உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுங்க.” குரல் தாழ்ந்தது. “என்ர முட்டி போயி மூணு வருசமாச்சு. யார்ட்டயும் சொல்லலீங்க. மாத்திரையப் போட்டுக்கிட்டுத்தான் மேடையில கீழ உக்காந்து ஓட்டிப்போட்டேன். பாட்டுக்காரி கீழ உக்கார முடியலைன்னா, பாட்டும் போச்சுன்னு சொல்லிப்போடுவாங்க. அன்னிக்கு உங்க ஊட்டுலயே கீழ உக்கார முடியாமத்தான் கட்டில்ல உக்காந்தேன். நீங்க மொதல்ல ஏறுங்க. உங்களச் சாக்கு வச்சு நானும் ஏறிக்கறேன்.”

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டு பேரும் ஒரே வலியை ஆளுக்கொரு சேலைக்குள் மறைத்துக்கொண்டு, அத்தனை கச்சேரிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

தைப்பூசத்தன்று இரண்டு நாற்காலிகள். ராமையா அண்ணனுக்கு எங்கள் உயரத்துக்கு ஒரு மேசையைப் போட்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். “கீழ விழுந்தா அடுத்த ஆபரேசன் எனக்குத்தான்” என்று முனகிக்கொண்டே ஏறினார். கூட்டத்தில் முதல் பாட்டுக்குக் கொஞ்சம் சலசலப்பு. இரண்டாவதற்கு இல்லை.

தகட்டின் மேல் வெறும் பாதத்தை வைத்திருந்தேன். கணுக்காலில் இருந்த காய்ப்பு இப்போது இல்லை. தோல் குழந்தையுடையதைப்போல மெலிந்துவிட்டது. அத்தனை வருஷத்து உழைப்புக்கு உடம்பில் இருந்த ஒரே சான்று அந்தக் காய்ப்புதான். அது போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பெரிய ராகம் முடிந்தது, அண்ணன் தனியாக வாசித்தார், சின்னப் பாட்டுகள் வந்தன. எனக்கு நேரம் தெரியவில்லை. கால் கூசும் என்று காத்திருந்தேன், கூசவில்லை. மரக்கவில்லை, ஊசி குத்தவில்லை. முழுக் கச்சேரியும் கால் விழித்தே இருந்தது. அம்மா மங்களத்தைத் தொடங்கியபோது, அதற்குள்ளா என்று நிமிர்ந்து பார்த்தேன்.

பாடி முடித்ததும் ராமையா அண்ணன் மேசையிலிருந்து இறங்கி வந்து, அந்தப் பழைய நாளின் நினைவில் என்னிடம் கையை நீட்டினார். நான் அந்தக் கையில் வயலினைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றேன்.