பால் ஊற்றாத போத்து

மூத்த பேரன் திருச்சியில் பி.ஏ. தேறிவிட்டான், பேத்தி கோகிலம் எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்தாள், இளைய பேரன் ரத்தினம் சமஸ்தானப் பேண்டில் பியூகிள் ஊதுகிறான் என்று அந்தோணியம்மாளுக்குக் கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். அஞ்சாம் வகுப்புவரை படித்த கை, மெதுவாகத்தான் ஓடும். முடிப்பதற்குள் அவள் இருந்த ஆவூரிலிருந்து ஆள் வந்துவிட்டான். முந்தின நாளே அவளை அடக்கம் செய்துவிட்டார்களாம். பெறுவதற்கு ஆளில்லாத கார்டை மூலையில் வைத்துவிட்டு, அவளை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

இலுப்பூரில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். ரத்தினத்துக்கு அப்போது மூன்று வயது. மார்கழிப் பனி இறங்கினால் இருமி இருமி முகம் நீலம் பாரிக்கும். ஆடாதோடை இலைக் கஷாயத்துக்குத்தான் அடங்கும். தெருமுனையில் நின்ற ஒரே செடியையும் ஆடி மாதத்தில் வீடு கட்ட வெட்டிப் போட்டார்கள். கிடந்த கிளையில் நானும் அவளும் விரல் பருமனில், சாண் நீளத்தில் நட்டு வளர்க்கப் போத்து நறுக்கிக்கொண்டோம். அடுத்த பனிக்குள் எனக்குச் செடி வந்தாக வேண்டும்.

பிள்ளைக்காக நடுவது மங்களமாக இருக்கட்டுமே என்று, முகூர்த்தக்கால் ஊன்றுவதுபோல ஆறு போத்துக்கும் மஞ்சள் பூசிப் பால் ஊற்றி நட்டேன். எறும்பு மொய்த்தது. ஒரு வாரத்தில் அத்தனையும் அழுகிப்போயின. சுவருக்கு மேலே தலை தெரிந்தது.

"ஏ மதினி, காலு ஊண்டியாச்சு. மாப்புள்ள எப்ப வர்றாரு?"

"சிரிக்காத அந்தோணியம்மா. இனி எலைக்கு எங்கிட்டுப் போவேன்?"

சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். புருஷனின் ஈளை இருமலுக்காகத் தான் நட்டு வைத்திருந்த தொட்டியைத் தூக்கி வந்தாள். அதில் மூன்று போத்துகள் இருந்தன.

"ஒன் வீட்டுக்காரருக்கு?"

"அவரு இருமிப் பழகுனவரு. புள்ள பழகல. புடி."

தொட்டியை நிழலில் வைத்து ஈரச் சாக்குச் சுற்றினேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. வேர் விட்டதா என்று தினமும் இழுத்துப் பார்த்தேன். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"ஒம் மக உண்டாயிருந்தப்ப வயித்தத் தொறந்தா பாத்த?"

இரண்டு போத்துகள் காய்ந்தன. மூன்றாவதில் இலை துளிர்த்ததும் கூத்தாடினேன். அதற்கும் அவள் அசையவில்லை. "எலைய நம்பாத மதினி. தண்டுல உள்ள சத்தத் தின்னே எலை வந்துரும். வேரு இன்னும் வரல. கையக் கட்டிக்கிட்டு இரு" என்றாள்.

இருந்தேன். கார்த்திகையில் அது முழங்கால் உயரம் நின்றது. மார்கழியில் பறித்த முதல் பிடி இலையைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்தேன். இரண்டாவது பிடி ரத்தினத்துக்கு. அந்த நெஞ்சுதான் இன்று பியூகிள் ஊதுகிறது.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் செடியும், இழுத்துப் பார்க்காமல் இருக்கக் கற்ற இந்தக் கையும். வருகிற ஆடியில் ஒரு போத்து நறுக்கிக்கொண்டு ஆவூருக்குப் போகிறேன். அவள் கல்லறை ஓரத்தில் நடுவேன். பால் ஊற்ற மாட்டேன். காய்ந்தால் மறுபடி நடுவேன், அதுவும் காய்ந்தால் மறுபடியும்.

எங்கள் செடியிலிருந்து போத்து வாங்கிப் போன வீடுகள் கொழும்பு வரைக்கும் உண்டு. உங்கள் பிள்ளைகளை நீங்கள் வாங்கிப் போய் நட்ட செடிப் பக்கத்தில் நிறுத்தி, புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். பழைய போட்டோ வேண்டாம், செடி இப்போது எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரிய வேண்டும்.