உள்ளே போன ஸ்கேன் படம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘நூத்தியிருபத்தொண்ணு’ என்றுதான் சொல்வோம். மூச்சுக் காற்றில் பரவும் கொடிய கிருமிகளை வைத்து வேலை செய்கிற இடம் அது. உள்ளே போன பொருள் ஆட்டோகிளேவில் நூற்றிருபத்தொரு டிகிரி நீராவியில் வெந்த பிறகுதான் வெளியே வரலாம். உள்ளே ஒரு கதவும் வெளியே ஒரு கதவுமாகச் சுவரில் பதித்த அந்த இயந்திரம் அவர் பொறுப்பு. யார் என்ன கெஞ்சினாலும் அந்த எண்ணைத்தான் பதிலாகச் சொல்வார்.

தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது என்பது விதி. அவருக்கு ஜோடி நான். பத்து வருடம் அந்த மனிதரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். முகக்கவசம் சரியாகப் பொருந்தவில்லை என்று ஒரே காலையில் என்னை மூன்று முறை திருப்பி அனுப்பியவர். ஒருமுறை இயக்குநர் மறதியாகத் தன் நோட்டை உள்ளே கொண்டுவந்துவிட்டார். எழுதியதை வெளியே அனுப்ப உள்ளேயே ஸ்கேனர் உண்டு, தாள்தான் போகாது. "எங்கப்பா குடுத்த தோல் அட்டைய்யா" என்று இயக்குநர் கெஞ்சக் கெஞ்ச, அதை நீராவியில் போட்டுக் கருவாடாக்கிக் கொடுத்தார். கல்நெஞ்சுக்காரர் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டார்.

கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து அவர் மனைவி, எனக்கு அண்ணி, உண்டானார். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. மிஞ்சியது உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்கேன் படம். அண்ணி அதைக் கையை விட்டு இறக்குவதே இல்லை. ஏ.டி.எம். சீட்டைப் போல நாளாக நாளாக வெளுக்கிற தாள் அது. குழந்தையின் மூக்கு மங்கத் தொடங்கியதும் அண்ணி பயந்துபோனார். பிரதி எடுத்து வருகிறேன் என்று ஒரு காலையில் இவர் கேட்டு வாங்கினார். சாயங்காலம் இதே தாளைத் திருப்பித் தருவதாக வாக்கும் கொடுத்தார்.

கசங்கக் கூடாதே என்று அதைப் பதிவுப் படிவக் கட்டுக்கு நடுவில் வைத்திருக்கிறார். மதியம் கடைக்குப் போகலாம் என்று எண்ணம். உடை மாற்றும் அறையில் கடிகாரம், மோதிரம் எல்லாம் கழற்றியவர், வெற்றுப் படிவங்களை வழக்கம்போல் கையோடு உள்ளே எடுத்து வந்துவிட்டார். எங்களையெல்லாம் தலை முதல் கால் வரை சோதிக்கிற மனிதர், தன் கையைப் பார்க்கவில்லை.

மூன்றாவது படிவத்தைப் புரட்டும்போது அந்த ஸ்கேன் படம் தரையில் விழுந்தது. முகக்கவசத்துக்குள் அவர் மூச்சு நின்று வந்தது எனக்குக் கேட்டது.

"அண்ணே, ஒரு பையில போட்டு சீல் வைங்க. பைய வெளிப்பக்கம் மருந்துல நனைச்சு எடுத்துட்டுப் போயிடலாம். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"வீட்டுல அந்தப் பைய அவ தொறப்பாளே தங்கச்சி. நெஞ்சோட வெச்சுக்குவா. முத்தம் குடுப்பா."

"இது சூடு பட்டா கறுத்துப்போற தாளுண்ணே!"

"தெரியும்மா."

ஸ்கேனரில் வைத்துப் படத்தை வெளியே இருக்கும் கணினிக்கு அனுப்பினார். காலையில் அண்ணியிடம் சொன்ன பிரதி கிடைத்துவிட்டது. பிறகு தாளை ஒரு தட்டில் வைத்து ஆட்டோகிளேவின் உள்கதவைச் சாத்தினார். பொத்தானை அவர்தான் அழுத்தினார். நான் திட்டினேன், அழுதேன், அவரை அடிக்கக்கூடக் கை ஓங்கினேன். கண்ணாடிக்குள் அவர் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் அங்கே விதி இடம் கொடுக்காது. குளித்து வெளியே வந்து வெளிக்கதவைத் திறந்தபோது படம் இருந்த பக்கம் முழுக்கக் கறுப்பு.

தனியாக வீட்டுக்குப் போகத் தெம்பில்லை என்று என்னையும் அழைத்தார். அண்ணி வாசலிலேயே கையை நீட்டினார். அச்செடுத்த பிரதியை இவர் முதலில் கொடுத்தார். வெள்ளைத் தாளில் படம் பளிச்சென்று, மூக்குகூடத் தெளிவாக இருந்தது. அண்ணி அதை ஒரு பார்வை பார்த்து மேசையில் வைத்துவிட்டு மறுபடி கையை நீட்டினார்.

இவர் கறுத்த தாளைக் கொடுத்து நடந்ததைச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணி கத்துவார் என்று நான் காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. தாளைத் திருப்பினார். பின்பக்கம், ஸ்கேன் எடுத்த அன்று அண்ணி பேனாவில் எழுதிய தேதி அப்படியே இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அது உள்ள எவ்வளவு சூடுங்க?" என்றார் மெதுவாக.

பத்து வருடமாக எங்களிடம் எதற்கெடுத்தாலும் அந்த எண்ணைச் சொன்ன மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். அவரால் சொல்ல முடியவில்லை.