அந்த வரி இல்லாமல் தந்தி போகாது

எழுபத்தொன்பதில் நாங்கள் மெல்பேர்னில், பிரன்ஸ்விக்கில் ஒரு பிளாட்டில் இருந்தோம். என் கணவருக்குக் கணக்காளர் வேலை. நான் பக்டரியில் சட்டைக் கொலர் தைத்தேன். மேல்மாடியில் ஓர் ஈரானியப் பெண், யூனிவர்சிட்டி மாணவி. அவளும் நானும் உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசுவோம். இங்கே அதையும், அவள் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்ன பார்சியையும் என் தமிழில் எழுதுகிறேன்.

ஈரான் மன்னர் ஷா நாட்டைவிட்டு ஓடியபோது அவள் கத்திக்கொண்டு இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். சில வாரங்கள் கழித்து அழுதுகொண்டு வந்தாள். அவளுடைய அக்கா தெஹ்ரானில் நீதிபதி. பெண் நீதிபதியாக இருப்பது மார்க்கத்துக்கு ஆகாது என்று சொல்லி, புதிய அரசு அக்காவை அதே நீதிமன்றத்தில் கிளாக்கர் வேலைக்கு இறக்கிவிட்டது.

"நேற்று வரைக்கும் அவவைக் கண்டால் எழும்பி நிண்ட பியோன், இண்டைக்கு அவவிட்டைத் தேத்தண்ணி கேக்கிறானாம்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரசாங்கம் மதத்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எழுபத்திரண்டில் எங்கள் நாடான இலங்கையின் அரசியலமைப்பிலும் ஒரு மதத்துக்கு முதன்மை இடம் என்று எழுதினார்கள். புத்தர் வந்து அதைக் கேட்கவில்லை. அதிகாரக் கதிரையில் இருந்த மனிதர்களுக்குத்தான் அது தேவைப்பட்டது.

கார்ல்டனில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து ஈரானிய மாணவர் சங்கத்தினர் சனிக்கிழமைகளில் கூடுவார்கள். வருகிற சனிக்கிழமை புதிய அரசுக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பப் போவதாகவும், மெல்பேர்னில் உள்ள எல்லா ஈரானிய மாணவர்களின் பேரிலும் அது போகும் என்றும் அவள் சொன்னாள். அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்: பெண் நீதிபதிகளை அவர்களுடைய பதவியிலேயே வைத்திருங்கள். அவ்வளவுதான். சங்கத் தலைவன் மறுத்துவிட்டான்.

"சகோதரி, முதல் ஏகாதிபத்திய எதிர்ப்பு, பிறகுதான் பெண்கள் எண்டு சொல்லுறான்."

"பிறகு எண்டால் எப்ப?"

"அதைச் சொல்லேல்லை."

இரவுச் சாப்பாட்டில் இதைக் கணவரிடம் சொன்னேன். "இஞ்சேரும், அவன் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. எங்கட பிரச்சினையிலயும் முதல் இனம், மற்றதெல்லாம் பிறகு" என்றார்.

"அந்த மற்றதெல்லாம்தான் உங்களுக்குப் புட்டு அவிச்சுத் தந்திருக்கு. தின்னுங்கோ" என்றேன்.

என்ன செய்வது என்று கேட்டு மேல்மாடிக்காரி தன் சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு என் குசினிக்கு வந்தாள். நான்தான் யோசனை சொன்னேன். அறுபத்தொன்றில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் பெண்களும் ஆண்களுமாகச் சத்தியாக்கிரகம் இருந்ததைப் பார்த்தவள். "வாசலை அடைச்சுக்கொண்டு நிலத்தில இருப்பம். எங்களைக் கடந்து போக மாட்டினம்" என்று அடித்துச் சொன்னேன். எங்கள் வீட்டில், படுத்திருக்கிற ஆளைத் தாண்டினால் திரும்பத் தாண்டி வரச் சொல்லி ஏசுவார்கள். நிலத்தில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு மேலால் ஓர் ஆண் கால் தூக்கி வைப்பான் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

சனிக்கிழமை காலை மாடி அறை வாசலில் நிலத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவர்கள் படியேறி வந்தார்கள். முதலாவது ஆள் மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டான். கேட்டுவிட்டுக் காலைத் தூக்கி என்னைத் தாண்டிப் போனான். அடுத்தவனும் போனான். பிறகு வேலி பாயும் ஆடுகள் மாதிரி எல்லோரும். சப்பாத்துக்கால் ஒன்று என் காதை உரசிக்கொண்டு போனது. ஒருவனுடைய காற்சட்டையை எட்டிப் பிடித்தேன். "மேடம், மேடம்" என்று ஒற்றைக்காலில் கெந்திக்கொண்டே அவனும் உள்ளே போய்விட்டான்.

"அறுவானுகள்! தாண்டிட்டாங்கள்!" என்று தமிழில் கத்தினேன்.

மேல்மாடிக்காரி முதலில் திகைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உம்மட ஊர் ஆம்பிளையள் இதுக்கே பயப்படுறவை?"

"பயமில்லை. பழக்கம்."

"எங்கட ஆக்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நிலத்தில இருக்கிற ஆளைத் தாண்டுவினம்." சிரிப்பை நிறுத்தினாள். "எழும்புங்கோ எல்லாரும். நிக்கிற ஆளை எப்பிடித் தாண்டுறாங்கள் எண்டு பாப்பம்."

படிக்கட்டு ஒடுக்கமானது. வெளியே போக வேறு வழி கிடையாது. கையோடு கை கோத்துக்கொண்டு படிக்கு ஒரு சோடியாக நின்றோம். தபாற் கந்தோர் மதியத்தோடு பூட்டிவிடும் என்பது உள்ளே இருந்தவர்களுக்கும் தெரியும்.

தலைவன் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். எங்களைப் பார்த்ததும் நின்றான்.

"சகோதரிகள், வழி விடுங்கோ."

"வரியைச் சேருங்கோ" என்றாள் அவள்.

"புரட்சியைப் பிளக்கிறீர்."

"என்ர அக்காவை ஆசனத்தால இறக்கினது ஆர்? நானா பிளக்கிறன்?"

அவன் என்னைக் காட்டினான். "இவ ஆர்? ஈரானியப் பெண்கூட இல்லையே."

"நீர் தாண்டிப் போன பொம்பிளை" என்றேன். "அந்த முறையில எனக்கும் கதைக்க உரிமை இருக்கு."

பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். தலைவன் அவனைத் திரும்பிப் பார்த்தான். சிரித்தவன் சும்மா இருக்கவில்லை. "ஒரு வரிதானே, எழுதிவிடு. எனக்குப் பசிக்குது" என்றான். எங்களுக்கு உதவிக்கு வந்தது நீதி இல்லை, அவனுடைய பசி. வந்ததை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் என்ன விசரிகளா?

தலைவன் சுவரில் தாளை வைத்து எழுதினான். அவள் உரக்க வாசிக்கச் சொன்னாள். வாசித்தான். அதற்குப் பிறகும் கையை விட எனக்கு மனமில்லை. இறங்கி வழியில் அழித்துவிட்டால்? எல்லோரும் கூடவே தபாற் கந்தோருக்கு நடந்தோம். கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரி சொற்களை எண்ணி முத்திரை குத்தும் வரைக்கும் அவனுக்கு இரண்டு பக்கமும் நாங்கள் நின்றோம்.

அந்தத் தந்தியால் அக்காவுக்கு ஆசனம் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நான் நினைத்ததும் இல்லை. கடவுளின் பேரில் பறித்ததை எவனும் ஒரு தந்திக்குப் பயந்து திருப்பித் தரமாட்டான். ஆனால் வெறும் வாழ்த்தை அவளுடைய பேரில் அனுப்ப அவர்களால் முடியாமல் போனது. ஒரு காலை முழுக்க நின்று ஒரு வரி வாங்கினோம். அது போதாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். வெளியே வந்ததும் அவளிடம் அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.